வலப்பக்கம் உட்காருங்கள்

சிங்கப்பூர் ஆற்றில் படகேறப் போகும் தமிழ்நாட்டுச் சுற்றுலாக் குழுவினருக்கு,



அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நீங்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டால் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், எங்களுக்கு நடக்க இடம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் போகிறது, வாருங்கள். உங்கள் கையில் உள்ள நான்கு நாள் பயணத்திட்டத்தில், இரண்டாம் நாள் மாலைக்கு நேராக “ரிவர் குரூஸ்” என்று ஒரு வரி இருக்கும். அதற்கு முந்திய வரி ஷாப்பிங், பிந்திய வரி இரவுச் சாப்பாடு. நடுவில் உள்ள அந்த நாற்பது நிமிடங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

எழுதத் தூண்டியவர் ஒரு பெரியவர். போன டிசம்பரில் என் தங்கையின் புகுந்த வீட்டார் ஒன்பது பேர் புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். கிளார்க் கீ படித்துறையில் நாங்கள் ஏறிய அதே படகில், கொடி பிடித்த ஒரு வழிகாட்டியின் பின்னால் முப்பது பேர் ஏறினார்கள். எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். படகு நகர்ந்ததும் வழிகாட்டி எழுந்து, “எல்லாரும் போன்ல சார்ஜ் இருக்கான்னு பாத்துக்குங்க, இன்னும் கால் மணியில சிங்கம் வந்துடும்” என்றார். அவ்வளவுதான். மெர்லயன் சிலை என்கிற அந்தச் சிங்கம் வரும்வரை யாருக்கும் வேலை இல்லை. ஒலிபெருக்கியில் ஆங்கிலப் பதிவு ஓடியது. அதற்கு மேல் வழிகாட்டியின் குரல். அதற்கும் மேல் ஒருவர் வீடியோ காலில் ஊரில் உள்ள மச்சானுக்குத் தன் முகத்தையே காட்டிக்கொண்டு வந்தார்.

எனக்கு முன்வரிசையில் அந்தப் பெரியவர். வேட்டி, தோளில் துண்டு, காலில் மட்டும் யாரோ வாங்கிக் கொடுத்த புது ஷூ. தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவர் நிமிர்ந்து கேட்டார்: “தம்பி, இந்த ஆத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது?”

“சிங்கப்பூர் ரிவர்ங்க ஐயா.”

“பேரு கேக்கலப்பா. தண்ணி எங்கேருந்து வருது?”

வழிகாட்டி சிரித்தார். அதற்குள் சிங்கம் வந்துவிட்டது. முப்பது பேரும் ஒரே பக்கம் எழுந்து சாய, படகோட்டி உட்காரச் சொல்லிக் கத்த, அந்தக் கலவரத்தில் கேள்வி காணாமல் போனது. எனக்குப் பதில் தெரியும். அவரிடம் சொல்லலாம் என்று கரையேறியதும் தேடினேன். கொடி பேருந்துக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தது. காவிரிக் கடைமடைக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். ஓடுகிற தண்ணீரைப் பார்த்ததும் எங்கிருந்து வருகிறது என்று வேறு யார் கேட்பார்கள்?

ஆகவே முதல் வேண்டுகோள். நாற்பது பேராக ஏறாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரிந்து, அடுத்தடுத்த படகுகளில் போங்கள். படகு ஒன்றும் பஞ்சமில்லை. ஒன்று போனால் சற்று நேரத்தில் இன்னொன்று வரும். கூட்டம் குறைந்தால் கேள்வி கேட்க முடியும், பதிலும் காதில் விழும். தங்கை வீட்டாருடன் மறுநாள் காலை நான் இன்னொரு முறை ஏறினேன். படகில் நாங்கள் பத்தே பேர். படகோட்டி அங்கிள் எழுபதை நெருங்கிய சீனர். என் அரைகுறை மலாயில் பேச்சுக் கொடுத்ததும் வேகத்தைக் குறைத்து, கரையைக் காட்டி, “டுலு பூசோக்” என்று மூக்கைப் பிடித்துக் காண்பித்தார். முன்பெல்லாம் ஒரே நாற்றம் என்று அர்த்தம். நாற்பது பேர் இருந்த படகில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாவது, கிளார்க் கீயிலிருந்து கிளம்பும்போது வலப்பக்கம் உட்காருங்கள். திரும்பி வரும்போது அதே இருக்கையிலிருந்து எதிர்க்கரையும் தெரியும். நேரம் மாலை ஆறரை மணி என்றால் உத்தமம். இங்கே வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும்; போகும்போது பகல் வெளிச்சத்தில் கரைகளைப் பார்க்கலாம், திரும்பும்போது விளக்கேற்றி இருப்பார்கள். இரவு எட்டு மணி லேசர் காட்சிக்காகவே படகேறுகிறவர்கள், ஆற்றைப் பார்க்காமல் ஆற்றில் போகிறவர்கள். அந்தக் காட்சியைக் கரையில் நின்று இலவசமாகவே பார்க்கலாம்.

இனி ஆறு. மொத்தமே மூன்று கிலோமீட்டர் சொச்சம். கொள்ளிடத்தைப் பார்த்த கண்ணுக்கு இது வாய்க்கால். அதை நான் மறுக்கவில்லை. 1819 ஜனவரியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் இந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் கால்வைத்தார். அதன்பின் நூற்றைம்பது வருடம், உலகத்துச் சரக்கில் ஒரு பங்கு இந்த வாய்க்காலில் ஏறி இறங்கியது. பெரிய கப்பல்கள் கடலில் நிற்கும். அங்கிருந்து மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவரச் சிறு சரக்குப் படகுகள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ படித்தவர்களுக்குத் ‘தொங்கான்’ என்ற சொல் பழக்கம். அந்தச் சொல்லின் சொந்தக்காரப் படகுகள் இங்கே ஓடியவைதான். சீனர்களின் படகுக்குத் துவாகாவ் என்று பெயர். முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும், வழி தெரியட்டும் என்று. நீங்கள் ஏறும் படகு அந்த வம்சத்தின் கடைசிப் பேரன். டீசல் புகையை விட்டுவிட்டுப் பெரும்பாலும் மின்கலத்தில் ஓடுகிறது.

எல்ஜின் பாலத்தைத் தாண்டியதும் போனை மடியில் வையுங்கள். இந்தப் பாலத்துக்கு வடக்கே போகிற சாலை நார்த் பிரிட்ஜ் ரோடு, தெற்கே போகிறது சவுத் பிரிட்ஜ் ரோடு. நாளைக் காலை நீங்கள் கும்பிடப் போகிற மாரியம்மன் கோயில் அந்தத் தெற்குச் சாலையில்தான் இருக்கிறது. அதை 1827-இல் தொடங்கிவைத்த நாராயண பிள்ளை, ராஃபிள்ஸ் ஏறி வந்த கப்பலில் பினாங்கிலிருந்து வந்தவர். இங்கே முதல் செங்கல் சூளை வைத்தவரும் அவரே.

பாலம் கடந்ததும் வலப்பக்கம் விரிகிறது போட் கீ. கரை இங்கே வயிறு தள்ளி வளைந்திருக்கும். கெண்டைமீன் வயிறு என்று சீன வணிகர்கள் சொல்லி, அதிர்ஷ்டம் உள்ள இடம் என்று கடை போட்டார்கள். இன்று வரிசையாக உணவகங்கள், கண்ணாடித் தொட்டியில் நண்டு, வாசலில் நின்று கூப்பிடும் பையன்கள். அவற்றுக்குப் பின்னால் வானத்தை முட்டும் வங்கிக் கோபுரங்கள். அந்தக் கோபுரங்களின் காலடியில் ஒரு சின்னத் தெரு. அதன் பெயர் சூலியா தெரு.

சூலியா என்றால் நாம்தான். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கடலூர்ப் பக்கமிருந்து வந்தவர்களை, பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்களை, அன்று இங்கே அப்படித்தான் அழைத்தார்கள். ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்ட வரைபடத்திலேயே ஆற்றின் தென்கரையில் ‘சூலியா கம்போங்’ குறிக்கப்பட்டிருக்கிறது. ஆற்றில் ஓடிய சரக்குப் படகுகளைத் தொடக்கத்தில் பெருமளவு தள்ளியவர்களும் இவர்களே. 1860-களுக்குப் பிறகு சீனர்களின் துவாகாவ்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. நான் பார்த்தவரை, துடுப்பு போட்டவர்களில் ஒருவருக்கும் இந்தக் கரையில் சிலை கிடையாது. தெருவுக்கு மட்டும் பெயர் நிற்கிறது, அதுவும் வங்கி முகவரியாக. நான் ஏறிய எந்தப் படகின் ஒலிப்பதிவிலும் சூலியா என்ற சொல்லைக் கேட்டதில்லை.

அடுத்த தெருக்களில் ஒன்று மார்க்கெட் ஸ்திரீட். செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் இருந்த தெரு அது. ஒரு நீளக் கூடம், இரண்டு பக்கமும் வரிசையாக மரப்பெட்டகங்கள், பெட்டகத்துக்கு ஒரு கடைக்காரர், தரையில் பாய். போட் கீ வணிகத்துக்குப் பணம் புரண்டதில் அந்தப் பாய்களுக்கும் பங்குண்டு. கட்டடங்களை இடித்து வருடங்கள் ஆகிவிட்டன. நம் சொற்கள் மட்டும் இருக்கின்றன: மலாய்க்காரர் சரக்குக் கிடங்கை ‘குடாங்’ என்பார், ஆங்கிலேயர் ‘கோடவுன்’ என்பார். கப்பலுக்கு மலாயில் காப்பால், கடைக்குக் கெடாய். ஆள் போனாலும் சொல் போகவில்லை.

கொஞ்சம் சொந்தக் கதை. என் அப்பா அறுபதுகளில் போட் கீ கிடங்கு ஒன்றில் கணக்குப்பிள்ளை. படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பலகை. ஆள் நடக்கும்போது அது வில்லாக வளையும். சுமைதூக்குபவர் மூட்டையோடு பலகையில் ஏறி வர, அப்பா ஒவ்வொருவர் கையிலும் ஒரு மூங்கில் குச்சி கொடுப்பார். மூட்டைக்கு ஒரு குச்சி. சாயங்காலம் குச்சிகளை எண்ணிக் கூலி. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குச் சண்டைதான், அதுவும் தியோச்சு மொழியில். அப்பாவுக்குத் தியோச்சுவில் எண்களும் வசவுகளும் மட்டும் சுத்தமாக வரும். அந்தக் குச்சிகளில் ஒன்று என் மேசையில் இருக்கிறது. சாண் நீளம்கூட இல்லை. ஒரு முனையில் சிவப்புச் சாயம், பிடித்துப் பிடித்து நடுப்பகுதி மழமழவென்று தேய்ந்திருக்கிறது.

ஆற்றைக் கடக்கும்போது அப்பா கோடாலித் தைலத்தை மூக்கடியில் தடவிக்கொள்வார். முஸ்தபா கடையில் நீங்கள் டஜன் கணக்கில் வாங்கிப்போவீர்களே, அதே தைலம். அவ்வளவு நாற்றம். மேலே பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், கரையோரத்து உணவுக் கடைகள், கக்கூஸ்கள் எல்லாமே இந்தத் தண்ணீரில்தான் முடிந்தன. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ பத்து வருடம் கெடு வைத்தார்: அதற்குள் ஆற்றில் மீன் பிடிக்க முடியவேண்டும். 1987-இல் முடிந்தது. இந்தக் கதையை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். கூவத்தையும் சேர்த்துப் பெருமூச்சும் விட்டிருப்பீர்கள். யாரும் சொல்லாத பாதியை நான் சொல்கிறேன். சுமார் 26,000 குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. ஏறக்குறைய ஐயாயிரம் தெருக்கடைக்காரர்கள் எழுப்பப்பட்டார்கள். 1983-இல் எண்ணூறு சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குத் துரத்தப்பட்டன. கப்பல் துறையில் கொள்கலன்கள் வந்துவிட்டதால் அந்தத் தொழிலின் நாள் எப்படியும் எண்ணப்பட்டுக்கொண்டுதான் இருந்தது, உண்மைதான். ஆனால் சுத்தமான ஆற்றில் ஒரு படகுகூட இல்லாத அந்த முதல் வருடத்தில், அப்பா பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். நாற்றம் போனது நல்லது என்றுதான் அவரும் சொல்வார். இரண்டும் சேர்ந்ததுதான் கணக்கு.

இப்போது ஆற்றில் நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக நீந்துகின்றன. கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். குழந்தைகளைக் கூட்டி வருபவர்கள் சிங்கத்தை விட்டுவிட்டு இவற்றைத் தேடச் சொல்லுங்கள்.

இடப்பக்கம் பாராளுமன்றம், கைகட்டி நிற்கும் வெள்ளை ராஃபிள்ஸ் சிலை, ஆசிய நாகரிக அரும்பொருளகம். அவற்றைப் பற்றி ஒலிபெருக்கி விலாவாரியாகச் சொல்லும், எனக்கு வேலை இல்லை.

அடுத்தது கேவனா பாலம். தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றும், அவ்வளவு தாழ்வு. கிளாஸ்கோவில் வார்த்த இரும்பைக் கொண்டுவந்து 1869-இல் இங்கே பூட்டியது. கட்டியவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள்: கடல் ஏறும்போது ஆறும் ஏறும். அலை ஏறிய நேரத்தில் சரக்குப் படகுகள் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. தண்ணீர் இறங்கும்வரை வரிசையில் காத்துக் கிடக்கவேண்டும். அப்பாவின் காலத்திலும் அந்தக் காத்திருப்பு உண்டு. படகுக்காரர்கள் சமைப்பார்கள், சீட்டு ஆடுவார்கள், அப்பா கரையில் குச்சிக் கட்டோடு உட்கார்ந்திருப்பார். பாலத்தின் முனையில் பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது: ஏறக்குறைய 150 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டிகளும், மாடு குதிரைகளும் இதில் போகக் கூடாது. அந்த வண்டிகளுக்காக 1910-இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் கட்டினார்கள்.

முகத்துவாரத்துக்கு வந்துவிட்டோம். இங்கே உங்கள் குழுவில் ஒருவர் நிச்சயம் எழுந்து, “இங்கதான் ராஜேந்திர சோழன் கல்வெட்டு இருந்துச்சு, வெள்ளைக்காரன் வெடி வச்சு அழிச்சுட்டான்” என்பார். வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதில் பாதி நிஜம். மூன்று மீட்டர் உயரக் கல் ஒன்று, ஐம்பது வரி எழுத்தோடு, இங்கே இருந்தது. ஆங்கிலேயர் 1843-இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆனால் அந்த எழுத்தை எல்லாரும் ஏற்கும்படி இன்றுவரை யாரும் படித்துச் சொன்னதில்லை. சோழர் பெயரோடு இணைத்துச் சொல்லப்பட்டவை ஊகங்கள்தான். மலாய் வரலாற்றுக் கதை வேறு சொல்கிறது: கலிங்க நாட்டிலிருந்து கப்பலில் வந்த மல்லனோடு பாடாங் என்ற உள்ளூர் பலசாலி போட்டி போட்டு, பாறையைத் தூக்கி முகத்துவாரத்தில் எறிந்தானாம். அந்தக் காலத்து மலாயில் கலிங்கம் என்றால் நம் பக்கமும் அதில் அடக்கம். கதையில் தோற்றது நம்மவர். வாட்ஸ்அப் அதை அனுப்புவதில்லை.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. உறுதியில்லாத ராஜாவுக்காக மார்தட்டுகிறோம். உறுதியாக இங்கே மூட்டை சுமந்த, துடுப்பு போட்ட, செங்கல் சுட்ட, வட்டிக்குக் கொடுத்த ஆட்களைத் தாண்டிப் போகும்போது முறுக்கு தின்கிறோம்.

சிங்கம். சரி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் வைத்தது, எட்டரை மீட்டர் உயரம், முன்னால் பாலம் வந்து மறைத்துவிட்டதால் 2002-இல் 120 மீட்டர் தள்ளி நகர்த்தினார்கள். எதிரே மூன்று கோபுரத்தின் மேல் படகு வைத்த ஓட்டல். அதற்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் போனில் முந்நூறு படம் சேர்ந்துவிடும்.

கரையேறியதும் பேருந்துக்கு ஓடாதீர்கள். குழு சிறிதாக இருந்தால் வழிகாட்டியிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்க முடியும். நடந்து ஆசிய நாகரிக அரும்பொருளகத்துப் பக்கம் வாருங்கள். ஆற்றோரத்தில் வெண்கலச் சிலைக் கூட்டம் ஒன்று: பழைய வட்டிக்கடைச் செட்டியாரும் இன்றைய பங்குச்சந்தைக்காரர்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அதைத் தாண்டி விக்டோரியா அரங்கின் பக்கமாகப் போனால் ஒரு வெள்ளைத் தூண். டல்ஹவுசி பிரபு 1850-இல் வந்துபோனதன் நினைவு. பிரபுவை விடுங்கள். தூணின் நான்கு பக்கமும் நான்கு மொழிகள்: ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், தமிழ். அதிகார மொழி, அலுவல் மொழி என்று சட்டம் எழுதப்படுவதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்னாலேயே, படிக்க இத்தனை தமிழர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்துக்கு முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அங்கே கூட்டமே இருக்காது.

கடைசியாக அந்தப் பெரியவரின் கேள்வி. வேட்டி, துண்டு, புது ஷூ. உங்களில் யாருக்காவது உறவாக இருந்தால் சொல்லிவிடுங்கள். ஐயா, இந்த ஆற்றுக்கு மலையும் இல்லை, ஊற்றும் இல்லை. குவீன்ஸ்டவுன் பக்கமிருந்து வரும் ஒரு கால்வாயின் தொடர்ச்சி இது. அதில் வருவது நகரத்துக் கூரைகளிலும் சாலைகளிலும் விழுகிற மழை. 2008-இல் கடல் வாசலில் மரினா அணையைக் கட்டிக் கடலை வெளியே நிறுத்திவிட்டார்கள். தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இதற்குள் வந்து தங்குகிறது. உப்பு கழுவிப் போக இரண்டு வருடம் ஆனது. நீங்கள் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தது ஆறு இல்லை, ஏரி. சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்கள், ஓட்டல் அறையில் நீங்கள் குடித்த தண்ணீரில் அதுவும் கலந்திருக்கும். கடல் இப்போது உள்ளே வருவதில்லை. அதனால் கேவனா பாலத்துக்கு அடியில் எந்தப் படகும் எதற்காகவும் காத்திருப்பதில்லை.

அன்புடன்,
போட் கீ கணக்குப்பிள்ளை மகள்